அரிசித் தடை வாரத்தில் ஒரு நேரலை விவாதம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெளிநாட்டுத் தமிழர்களுக்காக நடக்கும் ஒரு வானொலி நிலையம். சிறியதுதான், சம்பளம் வாங்குபவர்களைவிடத் தன்னார்வலர்கள் அதிகம். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் நேரலையாக ஒரு விவாத நிகழ்ச்சி போகிறது. அரசியல், பொருளாதாரக் கொள்கை, உலக நடப்பு என்று அந்த வாரம் எது பெரிதாக அடிபடுகிறதோ அதை எடுத்துப் பேசுவார்கள். முதல் பாதியில் இரண்டு விருந்தினர்கள், பின்பாதியில் நேயர்களின் தொலைபேசி அழைப்புகள். நடத்துபவர் நீண்ட அனுபவமுள்ள ஒரு பெண். நேயர்களுக்கெல்லாம் அவர் 'அக்கா'. அவருக்குப் பின்னால் ஒரு தயாரிப்பாளரும், அழைப்பு எடுக்க ஒரு கல்லூரி மாணவரும். அவ்வளவுதான் ஆட்கள்.

நான் அந்த நிலையத்தைச் சேர்ந்தவன் அல்ல. வேறொரு வானொலியில் இதே மாதிரியான நிகழ்ச்சிகளைத் தயாரித்திருக்கிறேன் என்பதால், 2023 ஜூலை 23 அன்று போன ஒலிபரப்பை ஆராய்ந்து எழுதித் தரும்படி கேட்டார்கள். முழுப் பதிவு, அழைப்புக் குறிப்புத் தாள், வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் எல்லாம் கைக்கு வந்தன. யாருடைய பெயரும் இங்கே வராது. நிகழ்ச்சியின் விளம்பரதாரர் மளிகைப் பொருள் இறக்குமதி செய்பவர் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

அந்த வாரம்

ஜூலை 17, திங்கட்கிழமை, கருங்கடல் தானிய ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகிக்கொண்டது. ஐ.நா.வும் துருக்கியும் நடுவே நின்று 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் செய்துவைத்த ஏற்பாடு அது. ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் தானியமும் பிற உணவுப் பொருளும் உக்ரைன் துறைமுகங்களிலிருந்து அதன்வழி வெளியேறின. ஞாயிறு நிகழ்ச்சிக்கு இதையே தலைப்பாக வைத்து, ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர் ஒருவரையும், வெளியுறவு விவகாரங்களை எழுதும் பத்திரிகையாளர் ஒருவரையும் அழைத்திருந்தார்கள்.

வியாழன், அதாவது ஜூலை 20 இரவு, இந்தியாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அரிசி ஏற்றுமதியில் ஒரு பகுதிக்குத் தடை. வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் தலைப்பை மாற்றினார். நேயர் வீட்டுச் சமையலறை வரை வரும் செய்தி இது, இதை விட்டுவிட்டுக் கருங்கடலைப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் தலைப்பு மாறியும் விருந்தினர்கள் மாறவில்லை. பேராசிரியருக்குச் சிக்கல் இல்லை, அவர் உணவுச் சந்தைகளைப் படித்தவர். பத்திரிகையாளர் உக்ரைனுக்காகத் தயாராகி வந்தவர். அரிசி பற்றி அவரிடம் கையிருப்பு இல்லாததால், தனக்குத் தெரிந்த பக்கமாகப் பேச்சைத் திருப்பினார்: இந்தியாவில் ஆண்டு இறுதியில் வரும் மாநிலத் தேர்தல்கள், 2024 மக்களவைத் தேர்தல், விலைவாசிக்குப் பயப்படும் அரசு. பேச வேண்டிய விஷயம்தான். எந்த இடத்தில் பேச வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆணையில் என்ன இருந்தது என்பதையும் இங்கேயே வைத்துவிடலாம். இந்திய வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் அறிவிக்கை, 10063090 என்ற சுங்கக் குறியீட்டின் கீழ் வரும் அரிசியை, அனுமதிக்கப்பட்டது என்பதிலிருந்து தடைசெய்யப்பட்டது என்று மாற்றியது. அந்த எட்டு இலக்கங்களில் கடைசி இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது. 10 என்று முடிந்தால் புழுங்கலரிசி, 20 என்று முடிந்தால் பாஸ்மதி, 90 என்றால் 'மற்றவை'. தடை விழுந்தது இந்தக் கடைசி வகைக்கு மட்டும், நம் பேச்சில் சொன்னால் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கு. அறிவிப்பு வருவதற்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கு விலக்கு இருந்தது. உணவுப் பாதுகாப்புக்காக வேறொரு நாட்டு அரசு கேட்டால் அனுமதிக்கவும் வழி வைத்திருந்தார்கள். இந்தியா ஏற்றுமதி செய்யும் மொத்த அரிசியில் இந்த வகை சுமார் 25% என்று அரசின் செய்திக்குறிப்பே சொன்னது. உள்நாட்டுச் சில்லறை விலை ஓராண்டில் 11.5% ஏறியிருந்ததைக் காரணமாகக் காட்டியது.

முதல் நாற்பது நிமிடம்

நிகழ்ச்சி அக்காவின் இந்த வாக்கியத்தோடு தொடங்குகிறது: "இந்தியா அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டிருக்கிறது. இது சரியா, தவறா?" அடுத்து பேராசிரியர். எந்த அரிசிக்குத் தடை என்று அவர் ஒன்பதாவது நிமிடத்தில் சரியாகவே சொல்கிறார். அதே விநாடியில் பத்திரிகையாளர் தொலைபேசி வழியாக "நான் ஒன்று சேர்த்துக்கொள்ளலாமா" என்று குறுக்கே வருகிறார். இரண்டு குரலும் மோதி, பேராசிரியரின் அந்த அரை வாக்கியம் காணாமல் போகிறது. ஹெட்போனில் கவனித்துக் கேட்ட எனக்கே இரண்டாம் முறை ஓட்டிய பிறகுதான் பிடிபட்டது. கார் ஓட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்பவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

அதற்குப் பிறகு தடையின் எல்லை எது என்று யாரும் பேசவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் சரியா தவறா என்ற வாதம். வாதம் மோசமில்லை. விவசாயிக்கு உலகச் சந்தை விலை கிடைக்காமல் செய்வது நியாயமா, நகரத்து ஏழையின் சோற்றுச் செலவைப் பார்ப்பதா என்று இருவரும் நன்றாகவே மோதினார்கள். நடுவே பத்திரிகையாளர் சொன்ன ஒரு வரிதான் பிறகு பெரிதாயிற்று: "உலக அரிசி வணிகத்தில் 40 சதவீதம் இந்தியாவுடையது. அது நின்றுவிட்டது."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது உண்மையில்லை. 40 சதவீதத்தில் கால் பங்குக்குத்தான் தடை. உலக வணிகத்தில் அது 10 சதவீதம் அளவு. அதுவே பெரிய அடிதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாற்பது என்று காதில் விழுந்தால் மனம் போடும் கணக்கு வேறு. பேராசிரியர் இதைத் திருத்த வாய் திறந்தது பதிவில் கேட்கிறது. அதற்குள் கேள்வி தேர்தலுக்குப் போய்விட்டது.

நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பகுதி இருபத்தெட்டாவது நிமிடத்தில் வருகிறது. பேராசிரியர் 2008 கதையைச் சொல்கிறார். 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, வியட்நாம் பின்தொடர்ந்தது, பயந்துபோன பிலிப்பைன்ஸ் எந்த விலைக்கும் வாங்கத் தயாராகப் பெரிய பெரிய டெண்டர் விட்டது, சில மாதங்களில் உலக விலை மும்மடங்கானது. அந்த ஆண்டு உலகில் அரிசி விளைச்சல் குறையவில்லை, பயம்தான் விலையை ஏற்றியது என்றார் அவர். ஜப்பான் தன் கையிருப்பை விற்கப்போகிறது என்ற செய்தி கிளம்பியதுமே விலை இறங்கத் தொடங்கியதையும் சொன்னார். நிதானமாக, எண்களைக் கொட்டாமல், ஒரு கதையாக. நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட வைத்திருக்கும் பகுதி அது.

அதைக் கேட்டுவிட்டு வந்த முதல் அழைப்பு: "ஐயா சொன்னதைக் கேட்டதும் பயமாகிவிட்டது அக்கா. இப்பவே நாலு மூட்டை வாங்கி வைத்துவிட வேண்டியதுதான்."

இரண்டாவது நேயர், தன் கடையில் ஒரு ஆளுக்கு இரண்டு மூட்டைக்கு மேல் தருவதில்லை என்றார். அவரே வரிசையில் நின்று பார்த்தது, சந்தேகப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது நேயர்தான் விஷயம். "புழுங்கலரிசியும் வராதாம். அறிவிப்பு வந்துவிட்டதாம். அடுத்து பாஸ்மதியாம்." அக்கா, "அப்படியா, சரி, எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று சொல்லி அடுத்த அழைப்புக்குப் போனார். குறிப்புத் தாளில் மாணவர் இந்த மூன்று அழைப்புக்கும் எதிரே எழுதியிருந்தது ஒரே சொல்: 'அரிசி'. ஒருவர் தன் பயத்தைச் சொல்ல வருகிறார், இன்னொருவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார், மூன்றாமவர் எங்கோ கேட்டதைச் செய்தியாகச் சொல்கிறார். இந்த வேறுபாடு தாளில் இல்லை. அதனால் கலையகத்துக்குள்ளும் இல்லை.

மாற்றத்தை முதலில் கவனித்தவர் தயாரிப்பாளர். வாட்ஸ்அப்பில் அதுவரை வந்த செய்திகள் "ஏன் இப்படிச் செய்கிறார்கள்" என்ற ரகம். முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு "எங்கே கிடைக்கும்", "பொன்னி வருமா" என்று மாறின. கொள்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர்கள் கடைக்குக் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. பொன்னி பற்றிய கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் பச்சரிசியும் வருகிறது, புழுங்கலும் வருகிறது. மூட்டையின் மேலிருக்கும் பெயரை வைத்துத் தடை உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது.

இடைவேளையில் எடுத்த முடிவு

நாற்பதாவது நிமிடத்தில் மூன்று நிமிட விளம்பர இடைவேளை. கையில் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, அழைப்புகளை நிறுத்திவிட்டு விருந்தினர்களோடு தொடர்வது. இது எளிது. ஆனால் மூன்றாவது நேயர் சொன்னது அப்படியே காற்றில் நிற்கும். இரண்டு, இறக்குமதி பற்றி நேரடியாகத் தெரிந்த ஒருவரை இணைப்பது. அவசரத்தில் கிடைக்கக்கூடியவர் ஒருவர்தான்: நிகழ்ச்சியின் விளம்பரதாரர். போன் போட்டால் எடுப்பார், விவரமும் சொல்வார். "பயப்படாதீர்கள், சரக்கு இருக்கிறது" என்று அவர் சொன்னால் அது தகவலா விளம்பரமா என்று யாருக்கும் தெரியாது. "தட்டுப்பாடு வரும்" என்று சொன்னாலோ இன்னும் மோசம். மூன்று, அரசின் செய்திக்குறிப்பை எடுத்து அக்காவே வாசிப்பது.

தயாரிப்பாளர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். பேராசிரியரைச் சொல்ல வைக்காமல் அக்காவைச் சொல்ல வைத்ததற்கு அவர் தந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: அன்று பேராசிரியர் வாதத்தில் ஒரு தரப்பாகிவிட்டார், அவர் எதைச் சொன்னாலும் அது அவர் கட்சியாகவே கேட்கும். அக்கா தயங்கினார். நேயரைப் பொய்யர் ஆக்குவது போலாகிவிடும், அடுத்த வாரம் யார் போன் பண்ணுவார்கள் என்பது அவர் கவலை. "அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் அக்கா. ஆணையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்" என்று தயாரிப்பாளர் சொல்ல, ஒப்புக்கொண்டார்.

இடைவேளை முடிந்ததும் போனது இது: "இப்போது சேர்ந்துகொண்டவர்களுக்காகவும் சொல்கிறேன். தடை, பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கு மட்டும். புழுங்கலரிசிக்குத் தடை இல்லை. பாஸ்மதிக்குத் தடை இல்லை. இது இன்றைய நிலவரம், ஜூலை 23. அறிவிப்பு என் கையில் இருக்கிறது." எட்டு இலக்கக் குறியீட்டை வாசிக்கவில்லை. நல்ல முடிவு, காதுக்கு அது ஒன்றும் சொல்லாது. 40 சதவீதம் என்ற எண்ணையும் அக்காவே அவிழ்த்தார்: நூறு மூட்டை உலகச் சந்தைக்குப் போனால் நாற்பது இந்தியாவுடையது, அந்த நாற்பதில் பத்துதான் இப்போது நின்றிருக்கிறது.

நிகழ்ச்சி முடிவதற்குள் இதை இன்னும் இரண்டு முறை சொன்னார்கள். மிச்ச நேரத்துக்கு அழைப்பு எடுக்கவில்லை.

பின்பு நடந்தவை

அன்றிரவே மூன்றாவது நேயரின் குரல் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. அக்காவின் "அப்படியா, சரி, எல்லோரும் கவனமாக இருங்கள்" என்பதும் அதில் சேர்ந்திருந்தது. வானொலியே உறுதி செய்த மாதிரி ஆகிவிட்டது. திருத்தம் அந்தத் துண்டில் இல்லை, இருக்கவும் முடியாது. நேரலையில் திருத்தியது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் போதும். கேட்காதவர்களுக்கு வந்து சேர்ந்தது துண்டு மட்டும்தான். தடைச் செய்தி வந்த நாட்களில் வேறு நாடுகளின் இந்தியக் கடைகளிலும் மக்கள் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள் என்பதால், இந்த ஒரு துண்டால் எவ்வளவு விளைந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. சொல்ல முயல்வதும் நேர்மையாக இருக்காது.

திங்கட்கிழமை காலை நிலையம் அதே நீளத்தில் ஒரு திருத்தத் துண்டை அக்காவின் குரலில் பதிவு செய்து அதே குழுக்களுக்கு அனுப்பியது. துண்டுக்குத் துண்டு என்ற அந்த யோசனை நன்று. நீளமான விளக்கத்தை யாரும் முன்னனுப்ப மாட்டார்கள். ஆனால் சுருக்குகிற வேகத்தில் "இன்றைய நிலவரம், ஜூலை 23" என்பது விடுபட்டுப்போனது. "புழுங்கலரிசிக்குத் தடை இல்லை" என்பது மட்டும், தேதியில்லாமல், என்றைக்குமான உண்மை போல நின்றது.

ஒரு மாதம் கழித்து அதன் பலன் தெரிந்தது. ஆகஸ்ட் 25 அன்று இந்தியா புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20% வரி விதித்தது. உடனே திங்கட்கிழமைத் துண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது, இப்போது "வானொலி சொன்ன பொய்" என்ற குறிப்போடு. வரி வேறு, தடை வேறு என்று விளக்கலாம், விளக்கினார்கள். தேதி அந்தக் குரலுக்குள்ளேயே இருந்திருந்தால் இந்த வேலை பாதியாகியிருக்கும். நேரலையில் போன முதல் திருத்தத்தை யாரும் குறை சொல்லவில்லை.

மாற்றியவை

அதிகம் பலன் தந்தது தொடக்கத்தை மாற்றியதுதான். இப்போது முதல் ஐந்து நிமிடம் 'என்ன நடந்தது' என்பதற்கு மட்டும். விருந்தினர் வரிசையில் காத்திருப்பார்கள். யார் முடிவெடுத்தது, எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, எந்தத் தேதியிலிருந்து என்று அக்கா சொல்லி முடித்த பிறகே கருத்து. அதன் சுருக்கத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி சொல்கிறார்கள். முதலிலிருந்தே கேட்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்று மாணவர் ஆட்சேபித்தாராம். வானொலியில் பாதிப்பேர் நடுவில்தான் வந்து சேர்கிறார்கள். எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

குறிப்புத் தாளில் இன்னொரு கட்டம் சேர்ந்தது. அழைப்பவரிடம் மாணவர் ஒரு கேள்வி கேட்கிறார்: நீங்கள் பார்த்ததா, கேள்விப்பட்டதா? கேள்விப்பட்டது என்றால் அழைப்பை மறுப்பதில்லை, அக்காவின் திரையில் அது தெரியும்படி வைக்கிறார்கள். அவர் அதே கேள்வியை நேரலையில் இன்னொரு முறை கேட்கிறார். பெரும்பாலும் நேயரே, "அப்படித்தான் சொல்கிறார்கள் அக்கா, உறுதியாகத் தெரியாது" என்று தன் வாயால் சொல்லிவிடுகிறார். யாரும் அவமானப்படுவதில்லை.

தலைப்பு மாறினால் விருந்தினரோடு பேசி, தேவைப்பட்டால் நன்றி சொல்லித் தள்ளிவைக்கவும் முடிவாயிற்று. நடைமுறையில் இது பாதிதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளியன்று ஆள் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல.

நேரலையை விட்டுவிட்டு முன்பதிவுக்குப் போய்விடலாம் என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சில விநாடி தாமதக் கருவி வாங்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். கெட்ட வார்த்தையை வெட்ட அது உதவும். ஒரு தகவல் சரியா என்று பார்க்க அந்த விநாடிகள் போதாது. அன்று தவறான செய்தி போனது நேரலையில்தான், பத்து நிமிடத்துக்குள் திருத்தப்பட்டதும் அதே நேரலையில்தான். முன்பதிவில் இரண்டாவது இருந்திருக்காது.

ஆகஸ்ட் 27 நிகழ்ச்சி

புதிய முறைக்கு முதல் உண்மையான சோதனை இதுதான். புழுங்கலரிசி வரியைப் பற்றிப் பேசத் திட்டமிட்டு, முதல் ஐந்து நிமிடத்தை எழுதியும் வைத்துவிட்டார்கள். அன்றே இந்திய அரசு இன்னொன்றை அறிவித்தது: டன்னுக்கு 1,200 டாலருக்குக் குறைவான விலையில் பாஸ்மதி ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதில்லை. தயாரிப்பாளர் எழுதியதைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினார். அக்கா மூன்றையும் தனித்தனியே சொன்னார்: பச்சரிசிக்குத் தடை, புழுங்கலுக்கு வரி, பாஸ்மதிக்குக் குறைந்தபட்ச விலை. பிறகு தேதி. பிறகுதான் விருந்தினர்.

அன்றைய அழைப்புகளில் கோபம் இருந்தது, அரசைத் திட்டினார்கள், விலை ஏறியதைச் சொன்னார்கள். "எங்கே கிடைக்கும்" என்ற கேள்வியும் வந்தது, ஆனால் அது நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு மாதப் பழக்கத்தால் பதற்றம் தானே தணிந்திருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

விளம்பரதாரர் விஷயம் மட்டும் முடியவில்லை. அரிசி பற்றிப் பேசும் நாட்களில் அவருடைய விளம்பரத்தை நிறுத்திவைக்கலாம் என்று தயாரிப்பாளர் சொன்னார்; நிலையத்துக்கு அந்தப் பணம் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. கடைசியில், நிகழ்ச்சி தொடங்கும்போது "இந்த நிகழ்ச்சியின் விளம்பரதாரர் அரிசி இறக்குமதியும் செய்பவர்" என்று ஒரு வரி வாசிக்கிறார்கள். 2024 செப்டம்பர் 28 அன்று இந்தியா பச்சரிசித் தடையை நீக்கியது பற்றிப் பேசிய நாளிலும் அந்த வரி போனது. விருந்தினராக அவரை அழைப்பதில்லை என்ற முடிவும் நிற்கிறது. இறக்குமதியில் இறங்கியிருக்கும், ஆனால் அந்த நிலையத்தில் விளம்பரம் தராத ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.